கண்ணாடித் தகடுகளில் ஒரு நங்கையின் வாழ்க்கை

சரித்திரம் என்றால் மன்னர் முடிபுனைந்ததும், படை நடத்தியதும், கோட்டை கொண்டதும், கோட்டை இழந்ததுமே என்று நெடுங்காலமாக மக்கள் எண்ணி வந்தனர். ஒரு நகரத்து இளம்பெண் தன் தோழியரோடு எவ்வாறு பொழுது போக்கினாள், எங்கே உலவச் சென்றாள், எதைக் கண்டு நகைத்தாள், எந்த வண்டியில் ஊர் சுற்றினாள் என்பவை ஏட்டில் எழுதத் தகுந்தவை என எவரும் கருதினாரில்லை. அரசன் ஏறிய குதிரைக்குப் பெயர் உண்டு. அவன் அரண்மனையில் நெல் குற்றிய பெண்ணுக்குப் பெயர் இல்லை. இதுவே பழைய சரித்திரத்தின் முறை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே புகைப்படக் கலை தோன்றிய பின்னரும் இந்நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. செல்வமுடையார் தம் உருவைப் பதித்துக்கொள்ளப் படநிலையங்களுக்குச் சென்றனர். அங்கே தலை அசையாதிருக்கும் பொருட்டு இரும்புத் தாங்கியில் பிடரியைச் சாய்த்து, மூச்சை அடக்கி, கற்சிலைபோல் நின்றனர். அப்படங்களில் முகம் உண்டு, வாழ்க்கை இல்லை. சிரிப்பும் ஓட்டமும் விளையாட்டும் பயணமுமாக மனிதர் வாழ்கின்றபடியே அவர்களைப் பதிக்க வேண்டுமாயின், அக்கலை படநிலையத்தின் திரைச்சீலையை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது.

அவ்வாறு அதனை வெளியே கொணர்ந்தோருள் ஒருவர், நியூயார்க்கைச் சேர்ந்த ஆலிஸ் ஆஸ்டின் அம்மையார். 1866 முதல் 1952 வரை வாழ்ந்த இவர் எடுத்த படங்கள் ஏறத்தாழ 8000 என்பர். அவற்றுள் பெரும்பகுதி விருந்தும் விளையாட்டும் தோழியர் கூட்டமும் ஊர்ப்பயணமுமே. காசுக்காக எடுத்தவையல்ல, புகழுக்காக எடுத்தவையும் அல்ல. ஆயினும் அந்த விளையாட்டுப் படங்களே இன்று பெண்ணுரிமைச் சரித்திரத்தின் சாசனங்களாக விளங்குகின்றன. அஃது எங்ஙனம் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாய் வீட்டில் வளர்ந்த குழந்தை

நியூயார்க் துறைமுகத்தின் வாயிலில் இருப்பது ஸ்டேட்டன் தீவு. 1898ஆம் ஆண்டில் அது நியூயார்க் மாநகரத்தோடு இணைக்கப்பட்டு அதன் ஐந்து பகுதிகளில் ஒன்றாயிற்று. அத்தீவின் கரையிலே, ரோஸ்பாங்க் என்னும் இடத்தில், கப்பல்கள் துறைமுகத்துள் நுழையும் குறுகிய நீர்வழியை நோக்கியபடி ஒரு பழைய வீடு நிற்கின்றது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சிறு பண்ணைவீடாகத் தோன்றிய அதனை, 1844இல் ஆலிஸின் தாத்தாவாகிய ஜான் ஆஸ்டின் என்னும் வணிகர் விலைக்கு வாங்கித் திருத்திக் கட்டினார். வீட்டுக்கு ‘கிளியர் கம்ஃபர்ட்’ என்று பெயர். தெளிந்த இன்பம் என்று நாம் அதனைச் சொல்லலாம்.

ஆலிஸின் வாழ்க்கை இன்பத்தோடு தொடங்கவில்லை. குழந்தை பிறக்கும் முன்னரே தந்தை மனைவியைக் கைவிட்டுச் சென்றார். கைவிடப்பட்ட பெண் தன் பெற்றோர் இல்லத்துக்கே திரும்பினாள். இத்தகைய நிலையில் நம் சமூகம் பல வீடுகளில் நடந்துகொண்ட விதத்தை நாம் அறிவோம். குற்றம் செய்தவன் ஊரில் தலைநிமிர்ந்து நடப்பான். குற்றமற்றவள் அடுக்களை மூலையில் ஒடுங்குவாள். அவள் பெற்ற மகவு ‘அப்பன் இல்லாதது’ என்னும் சொல்லைக் கேட்டே வளரும். ஆஸ்டின் குடும்பத்தார் அவ்விதம் செய்யவில்லை. தந்தையின் பெயர் ஒதுக்கப்பட்டது. தாயின் குடிப்பெயரே மகளுக்கும் பெயராயிற்று. பாட்டனார், பாட்டியார், சிற்றன்னை, சிற்றன்னையின் கணவர், மாமன் ஆகிய பெரியோர் நிறைந்த அவ்வீட்டில் ஒரே குழந்தையாக ஆலிஸ் செல்வமாய் வளர்ந்தார். பின்னாளில் எவரையும் நோக்கிக் கூசாத கண் அவருக்கு வாய்த்தது என்றால், அதற்கு வித்திட்டது கூசாத இந்த வளர்ப்பே எனலாம்.

பத்து வயதில் ஒரு காமிரா

சிற்றன்னையின் கணவர் டென்மார்க்கைச் சேர்ந்த கப்பல் தலைவர். ஏறத்தாழ 1876இல் கடற்பயணத்திலிருந்து திரும்பியபோது அவர் ஒரு காமிராவை வீட்டுக்குக் கொண்டு வந்தார். அது மரப்பெட்டியாலான பெரும் கருவி. பத்து வயதுச் சிறுமி அதனைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாமனோ இரசாயன நூல் கற்பித்த பேராசிரியர். அவர் தகடுகளைக் கழுவும் முறையையும், மருந்துகளைக் கலக்கும் அளவையும் மருமகளுக்குக் கற்பித்தார். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்போர் அவ்வீட்டில் இல்லை. மாடியில் இருந்த சிறு சாமான் அறை இருட்டறை ஆக்கப்பட்டது.

அக்காலத்தில் படம் எடுப்பது இன்றுபோல் விரல் நுனி வேலையன்று. உலர்ந்த மருந்து பூசிய கண்ணாடித் தகட்டின் முறையை 1871இல் ரிச்சர்டு மாடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் வெளியிட்டிருந்தார். அதற்கு முன்னர், படம் எடுப்பவர் அந்த இடத்திலேயே தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம் பிடித்து, உடனே கழுவ வேண்டும். உலர்தகடு வந்த பின்னரே, தகடுகளை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்துக்குத் தூக்கிச் சென்று, வீட்டுக்கு வந்து ஆற அமரக் கழுவ இயன்றது. இந்த ஒரு மாறுதல் இல்லையேல், ஆலிஸ் போன்றோர் வெளியூர்களில் படம் எடுத்திருத்தல் அரிது.

தூக்கிச் செல்வதும் எளிதன்று. காமிரா, முக்காலி, தகடுகள் எல்லாம் சேர்ந்து 50 இராத்தல் வரை எடையிருக்கும். வீட்டு இருட்டறையிலோ குழாய் நீர் இல்லை. கழுவிய தகடுகளையும் படங்களையும் தோட்டத்திலிருந்த பம்படிக்கு எடுத்துச் சென்று அலச வேண்டும். ஒரு படத்துக்கு 25 முறை வரை நீர் மாற்றுவார் என்பர். கோடையில் அது விளையாட்டாக இருந்திருக்கலாம். நியூயார்க்கின் பனிக்காலத்தில் அது தவம். 1888இல் ஈஸ்ட்மன் என்பார் கோடக் என்னும் சிறு காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பித்தானை அழுத்தினால் போதும், மற்ற வேலையெல்லாம் கம்பெனியார் பார்த்துக்கொள்வார்கள் என்னும் காலம் அதனோடு தொடங்கிற்று. ஆலிஸ் அவ்வசதியைப் பெரிதாகக் கொள்ளாமல் தம் கண்ணாடித் தகடுகளையே நெடுநாள் கையாண்டார். தெளிவான படம் அவருக்குச் சோம்பலினும் இனிதாக இருந்தது.

இன்னுமொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. ஒவ்வொரு தகட்டையும் ஓர் உறையிலிட்டு, அவ்வுறையின்மேல் நாள், மணி, வெளிச்சத்தின் தன்மை, தகட்டின் வகை, திறந்து வைத்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைத்தார். இச்சிறு பழக்கத்தின் பெருமையைப் பின்னர்க் காண்போம்.

தோழியர் கூட்டம்

இருபது வயது மங்கையாக ஆலிஸ் வாழ்ந்த வாழ்க்கை உல்லாசமானது. புல்தரையில் டென்னிஸ் ஆட்டம், கடற்குளிப்பு, படகு விடுதல், இசைக்கூட்டம், வனபோஜனம், முகமூடி நடனம் என்று நாட்கள் ஓடின. எங்குச் சென்றாலும் காமிராவும் உடன் சென்றது. காமிராவிலிருந்து நீண்ட இரப்பர்க் குழாயை இழுத்து, அதன் முனையிலுள்ள குமிழைத் தம் கையில் மறைத்துக்கொண்டு, தோழியர் நடுவே தாமும் நின்று அழுத்துவார். ஆகவே அவர் படங்கள் பிறர் பார்த்து எடுத்த படங்கள் அல்ல. கூட்டத்துக்குள் இருந்தே எடுத்த படங்கள்.

அவற்றுள் மூன்று படங்களைக் குறிப்பிட வேண்டும். மூன்றும் 1891ஆம் ஆண்டைச் சேர்ந்தவை.

முதலாவது, ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு 11 மணிக்கு எடுத்தது. கிறிஸ்தவ குருவின் மகளான தோழியும் ஆலிஸும் கூந்தலை அவிழ்த்துவிட்டு, உட்பாவாடையோடு, முகமூடி அணிந்து, வாயில் சிகரெட்டு வைத்துக்கொண்டு, ஒருவர்க்கொருவர் கண்ணாடிப் பிம்பம்போல் எதிரெதிரே நிற்கின்றனர். குருவின் இல்லத்தில், குருவின் மகளோடு!

இரண்டாவது, அக்டோபர் 15ஆம் நாள் மாலை எடுத்தது. ஆலிஸும் இரு தோழியரும் ஆடவர் உடையும் தொப்பியும் அணிந்து, மீசையும் வைத்துக்கொண்டு, ஆடவர் நிற்கும் மிடுக்கோடு நிற்கின்றனர்.

மூன்றாவது, அதே மாதம் 29ஆம் நாள் தோட்டத்தில் எடுத்தது. நான்கு தோழியர் இருவர் இருவராகத் தோள்மேல் கைபோட்டு அணைத்து நிற்கின்றனர். ஆடவரைச் சேர்க்காத தங்கள் கூட்டத்துக்கு ஆடவர் எரிச்சலோடு இட்ட வசைப்பெயரையே அவர்கள் மகிழ்ந்து ஏற்றுக்கொண்டார்கள் என்பர். அப்பெயரை நம் மொழியில் ‘பாழாய்ப்போன சங்கம்’ என்று கூறலாம்.

இவற்றைக் கண்டு இஃது என்ன கூத்து என்று கேட்பாருண்டு. சிகரெட்டு பிடிப்பது நல்ல பழக்கம் என்று நாம் கூற வரவில்லை. அது ஆடவர்க்கும் தீது, பெண்டிர்க்கும் தீது. ஆனால் ஆடவர் கையில் இருக்கும்போது கௌரவமாகத் தோன்றும் ஒரு பொருள் பெண் கையில் வந்தவுடன் ஒழுக்கக்கேடாகத் தோன்றுவது ஏன் என்பதே கேள்வி. இப்படம் எடுத்து 17 ஆண்டுகள் கழித்து, 1908இல், நியூயார்க் நகரசபையார் பொது இடங்களில் பெண்கள் புகைபிடிப்பதைத் தடுக்கச் சட்டம் இயற்றினர். மேயர் அதனை மறுத்துத் தள்ள நேர்ந்தது. நியூயார்க் மாநிலப் பெண்களுக்கு வாக்குரிமை 1917இலும், அமெரிக்க நாடு முழுவதற்குமான திருத்தம் 1920இலுமே வந்தன. மங்கையர் மூவர் மீசை வைத்து நின்ற அந்த மாலையில் அவர்களுக்கு வாக்கில்லை. ஆடவன் என்பவன் ஆடையாலும் மீசையாலும் ஆக்கப்பட்ட அதிகாரமே என்பதை மேடையேறிச் சொற்பொழிவாற்றாமல் ஒரு விளையாட்டால் காட்டிவிட்டனர். நகைப்பும் ஒரு வாதமே. சில வேளைகளில் அதுவே கூரிய வாதம்.

இரு சக்கரமும் ஒரு புத்தகமும்

அக்காலத்துப் பெண்களின் உலாவலை மாற்றியது சைக்கிள் வண்டி. இரு சக்கரமும் ஒரே அளவாக அமைந்த வண்டி வந்த பின்னர்ப் பெண்கள் பெருந்தொகையாக ஏறத் தொடங்கினர். இடுப்பை இறுக்கிய கச்சும், தரையைப் பெருக்கிய பாவாடையும் அதனால் தளர்ந்தன. துணைக்கு ஆள் இன்றி வெளியே செல்லும் துணிவு வந்தது. ஆலிஸின் தோழியாகிய மரியா வார்ட் என்னும் அம்மையார் பெண்களுக்கான சைக்கிள் நூல் ஒன்றை 1896இல் வெளியிட்டார். அதிலுள்ள சித்திரங்கள் ஆலிஸ் எடுத்த படங்களைக் கொண்டு வரையப்பட்டவை. ஏறுவது, இறங்குவது, திருப்புவது ஆகியவற்றோடு அந்நூல் நின்றுவிடவில்லை. வண்டி பழுதுபட்டால் எந்தக் கருவியால் எதை முடுக்குவது, எதைத் தளர்த்துவது என்பதையும் பெண்ணுக்குக் கற்பித்தது. வண்டி ஓட்டத் தெரிந்தவள் பாதி விடுதலை பெற்றவள். வழியில் கெட்டால் தானே சீர்செய்யத் தெரிந்தவள் முழு விடுதலை பெற்றவள். தையல் ஊசியைப் பிடிக்கத் தெரிந்த கைக்குத் திருகுசாவியைப் பிடிக்கத் தெரியாது என்று யார் சொன்னது?

மாளிகையிலிருந்து தெருவுக்கு

இவ்விடத்தில் நேயர் ஒரு கேள்வி எழுப்பலாம். இவையெல்லாம் செல்வர் வீட்டுப் பெண்ணின் ஓய்வு விளையாட்டுகள் அல்லவா? பாட்டன் தேடிய பொருளை வைத்துக்கொண்டு டென்னிஸ் ஆடியவளுக்கு என்ன சரித்திரம்?

கேள்வி நியாயமானதே. ஒருவர் நாள் முழுதும் உலாவுகிறார் என்றால், வேறொருவர் நாள் முழுதும் உழைக்கிறார் என்பது பொருள். அக்காலத்து ஓய்வு ஏவலாளரின் உழைப்பின்மேல் கட்டப்பட்டது. ஆயினும், அந்த ஓய்வைப் பெற்ற பிறர் பலர் தம் வேலிக்கு அப்பால் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆலிஸ் எட்டிப் பார்த்தார். 1890களில், கனத்த காமிராவோடு நீராவிப் படகேறி மன்ஹாட்டன் தெருக்களுக்குச் சென்றார்.

அங்கே ஹெஸ்டர் தெருவில் முட்டை விற்ற பெண்களை 1895இல் எடுத்தார். பத்திரிகை விற்ற சிறுவரையும் சிறுமியரையும், காலணிக்கு மெருகிடும் பையன்களையும், கந்தல் பொறுக்குவோரையும், இசைப்பெட்டியைச் சுழற்றிப் பிழைத்தோரையும், தபால்காரரையும், போலீசாரையும் எடுத்தார். தெருக்கூட்டுவோரையும் எடுத்தார். 1895இல் நகரத் துப்புரவுத் தலைவராக வந்த வாரிங் என்பார் தெருக்கூட்டுவோருக்கு வெள்ளுடை அணிவித்துப் பெருமைப்படுத்தியிருந்த காலம் அது. இப்படங்களிற் சில ‘நியூயார்க்கின் தெரு மாந்தர்’ என்னும் பொருள்படும் தலைப்போடு 1896இல் தொகுப்பாக வெளிவந்தன.

அதே நகரத்து ஏழைகளை ஜேக்கப் ரீஸ் என்னும் பத்திரிகையாளர் 1890இல் தாம் வெளியிட்ட நூலில் படங்களோடு காட்டியிருந்தார். அவர் நோக்கம் சீர்திருத்தம். இருண்ட குடியிருப்புகளில் மருந்துப் பொடியைக் கொளுத்தி, அந்தத் திடீர் ஒளியில் திடுக்கிட்ட முகங்களை அவர் பதித்தார். ஆலிஸின் முறை வேறு. பட்டப்பகலில், எதிரே நின்று, தொழில் செய்யும் மக்களை அவர்கள் நிமிர்ந்து நிற்கும்போதே பதித்தார். முன்னதில் நாம் காண்பது துன்பம். பின்னதில் நாம் காண்பது தன்மானம். சமூகச் சீர்திருத்தத்துக்கு இரண்டும் வேண்டும். துன்பத்தை மட்டும் காட்டினால் ஏழை இரக்கத்துக்குரிய பொருளாகிவிடுவான். தன்மானத்தை மட்டும் காட்டினால் அவன் குறை மறைந்துவிடும்.

எனினும் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. தோழியர் படங்களில் பெயர் உண்டு, நாள் உண்டு, மணியும் உண்டு. தெரு மாந்தர் தொகுப்பிலோ மனிதர் தொழிலால் அழைக்கப்பட்டனர். தபால்காரர், பத்திரிகைச் சிறுமி, கந்தல் பொறுக்குபவர் என்பவையே அவர்களின் அடையாளம். இஃது ஆலிஸ் ஒருவரின் குறையன்று. அக்காலம் முழுவதன் குறை. நம் சிங்கப்பூரிலேயே, 1867இல் தொடங்கிய லாம்பர்ட் கம்பெனியார் எடுத்து விற்ற படங்களுள் நம்மவரும் சீனரும் மலாய்க்காரரும் ‘இன மாதிரிகள்’ என்றே இடம் பெற்றனர். கட்டை வண்டியோட்டிய தமிழனின் முகம் கடல் கடந்து சென்றது. அவன் பெயர் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது.

தனிமைத் தீவுகள்

ஆலிஸின் வீட்டுக்கு அருகிலேயே நியூயார்க்கின் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் இருந்தது. கப்பலில் வந்தோருள் நோய்க்குறி உடையவர்களும், அவர்களோடு பழகியவர்களும், ஹாஃப்மன், ஸ்வின்பர்ன் என்னும் இரு சிறு தீவுகளில் நிறுத்தப்பட்டனர். நிலையத்தின் மருத்துவத் தலைவர் வேண்டுகோளின்படி, 1890களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கு மேலாக ஆலிஸ் அங்குச் சென்று படம் எடுத்தார். துணிகளை ஆவியிலிட்டு நோய்க்கிருமியை ஒழிக்கும் கருவிகளையும், ஆராய்ச்சி அறைகளையும், கரையில் காத்திருந்த மக்களையும் பதித்தார். இப்படங்கள் 1901இல் பஃபலோ நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியில் வைக்கப்பட்டன.

சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவையும், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவையும் அறிந்த நம் நேயர்க்கு இப்படங்கள் அந்நியமாகத் தோன்றா. கப்பலை விட்டு இறங்கியும் கரை சேராத நாட்கள், மூட்டையை அவிழ்த்துக் காட்டிய நாணம், பக்கத்துப் பாயில் படுத்தவன் எழுவானோ மாட்டானோ என்ற அச்சம், இவையெல்லாம் நம் குடும்பக் கதைகள். அங்கே ஒரு பெண் காமிராவோடு நின்றார். நம் முன்னோர் இறங்கிய படித்துறையில் அவ்விதம் நெருங்கி நின்று ஆண்டுதோறும் பதித்த ஒரு கண் இருந்திருப்பின், நம் சரித்திரத்தில் எத்துணை ஏடுகள் கூடியிருக்கும்!

பயணமும் துணையும்

ஆலிஸ் நாடெங்கும் சுற்றினார். 1893இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குக் காமிராவோடு சென்றார். கோடைதோறும் மலைவாசங்களுக்கும் கடற்கரைகளுக்கும் சென்றார். அத்தகைய மலைப்பயணம் ஒன்றில், 1890களின் இறுதியில், கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கெர்ட்ரூட் டேட் என்னும் அம்மையாரைச் சந்தித்தார். புரூக்ளினைச் சேர்ந்த அவர் சிறுவர்க்குக் கல்வியும், நடனமும் கற்பித்துப் பிழைத்தவர். அன்று தொடங்கிய அன்பு 50 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருவரும் ஐரோப்பாவுக்குப் பலமுறை ஒன்றாகப் பயணம் செய்தனர். 1917இல் கெர்ட்ரூட் தம் வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி ஆலிஸின் இல்லத்தில் வந்து குடியேறினார்.

ஆலிஸ் மணம் செய்துகொள்ளவில்லை. கெர்ட்ரூடே அவருக்கு வாழ்க்கைத் துணை. இந்த உறவை நெடுங்காலம் மறைத்தே எழுதினர். பின்னரே உள்ளது உள்ளபடி கூறினர். மனிதர் தம் மனத்துக்கு இசைந்த துணையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைச் சாதியும் சடங்கும் தடுத்தல் கூடாது என்று கூறுகின்ற நாம், இவ்விருவர் தம்முள் தேர்ந்துகொண்ட அன்பை மட்டும் வாய்மூடிக் கடந்து செல்லுதல் முறையாகாது.

செல்வம் சென்ற வழி

1929இல் அமெரிக்கப் பங்குச்சந்தை வீழ்ந்தது. பாட்டனார் தேடி வைத்த பொருளும் அதனோடு வீழ்ந்தது. அப்போது ஆலிஸுக்கு வயது 63. வீட்டின்மேல் கடன் வாங்கினார். வீட்டுப் பொருளை ஒவ்வொன்றாக விற்றார். புல்தரையில் இருவரும் தேநீர்க்கடை நடத்தினர். கெர்ட்ரூட் நடனம் கற்பித்துச் சிறிது ஈட்டினார். எனினும் கடன் தீரவில்லை. 1945இல் வீடு கைவிட்டுப் போயிற்று. எஞ்சியிருந்த தட்டுமுட்டுப் பொருள் அனைத்தும் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு 600 அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டது.

அந்நேரத்தில் ஸ்டேட்டன் தீவுச் சரித்திரச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் விரைந்து வந்து கண்ணாடித் தகடுகளைக் காப்பாற்றினார். அவர் வாராதிருப்பின், அரை நூற்றாண்டின் நகைப்பும் ஓட்டமும் உடைந்த கண்ணாடியாகக் குப்பை சேர்ந்திருக்கும். தகடுகள் பிழைத்தன, தகடுகளை ஆக்கியவரோ பிழைக்க வழியின்றி அலைந்தார். மூட்டுவாதம் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியது. கெர்ட்ரூடின் உறவினர் அவரைத் தம்மிடம் ஏற்றனர், ஆலிஸை ஏற்கவில்லை. 1950இல், தம் 84ஆம் வயதில், ஆலிஸ் தீவின் ஏழையர் விடுதியிற் சேர்க்கப்பட்டார். முன்னொரு காலத்தில் வறியோரை நோக்கித் தெருவில் காமிராவை நிறுத்தியவர், இப்போது வறியோர் வரிசையில் தாமே ஒருவரானார்.

முதுமையும் வறுமையும் சேர்ந்தால் மனிதரை உலகம் எத்துணை விரைவில் மறந்துவிடுகிறது! 8000 படங்கள் எடுத்த கைக்கு அவற்றுள் ஒன்றும் ஒரு வேளைச் சோறாக உதவவில்லை. பெண் செய்யும் வேலை பொழுதுபோக்கு என்றே எண்ணப்பட்டது. அவர் கலையைச் சொத்து என்று மதித்தார் எவருமிலர்.

காலந் தாழ்த்தி வந்த மாலை

அச்சமயத்தில் அமெரிக்கப் பெண்களின் மாறுதலைப் பற்றிப் படநூல் ஒன்றை ஆலிவர் ஜென்சன் என்னும் எழுத்தாளர் தொகுத்துக்கொண்டிருந்தார். சரித்திரச் சங்கத்தில் கிடந்த தகடுகளைக் கண்டு வியந்தார். எடுத்தவர் இறந்திருப்பார் என்று எண்ணத்தக்க பழமையான படங்கள். ஆனால் எடுத்தவர் சில கல் தொலைவிலேயே ஏழையர் விடுதியில் உயிரோடு இருந்தார்! 1951இல் ‘லைஃப்’ பத்திரிகையில் படங்கள் வெளிவந்தன. அவ்வாறு படங்களால் கிடைத்த பொருள் 4000 வெள்ளிக்கு மேலாயிற்று. அதனைக் கொண்டு ஆலிஸ் விடுதியினின்று மீட்கப்பட்டு, நல்லதொரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கப்பட்டார். அவ்வாண்டு அக்டோபரில் அவர் பெயரால் ஒரு விழா எடுக்கப்பட்டது. சுமார் 300 பேர் கூடினர். சக்கர நாற்காலியில் அமர்ந்து, 85 வயது மூதாட்டி தம் இளமையைச் சுவரில் கண்டார்.

1952 ஜூன் 9ஆம் நாள் ஆலிஸ் காலமானார். கெர்ட்ரூட் 1962இல் மறைந்தார். இருவரையும் அருகருகே அடக்கம் செய்ய வேண்டும் என்ற அவர்களின் விருப்பத்தை உறவினர் நிறைவேற்றவில்லை. இடிபடவிருந்த வீட்டை அன்பர்கள் போராடிக் காத்தனர். 1975இல் நகராட்சி அதனை வாங்கியது. 1985 முதல் அது பொதுமக்கள் காணும் நினைவு இல்லமாக விளங்குகிறது. 1993இல் தேசியச் சரித்திரச் சின்னம் என்னும் தகுதியும் பெற்றது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

ஆலிஸ் எந்த இயக்கத்துக்கும் தலைமை தாங்கியவரல்லர். தாம் வாழ்ந்த வாழ்க்கையை மறைக்காமல் பதித்து வைத்தார், அவ்வளவே. ஆனால் மறைத்து வாழ்வதையே பெண்ணுக்கு இலக்கணமாக்கிய ஓர் உலகில், மறைக்காதிருத்தல் சிறு செயலன்று. ஒரு பெண் தோழியரோடு நகைத்த நகைப்பும், தனியே சென்ற பயணமும், கூச்சமின்றி நின்ற தெருமுனையும் பதிவாகிவிட்டால், பெண்கள் என்றும் வீட்டுக்குள்ளேயே அடங்கி மகிழ்ந்திருந்தனர் என்று பின்னொரு நாள் எவரும் சாதிக்க இயலாது. தகடு சாட்சி சொல்லும்.

இரண்டாவது பாடம், உறையின்மேல் எழுதிய குறிப்பு. நாளும் பெயரும் இல்லையேல் அப்படங்கள் அழகிய வேடிக்கையாக மட்டும் நின்றிருக்கும். குறிப்பு இருந்தமையாலேயே அவை சரித்திரம் ஆயின. நம் இல்லங்களிலும் பெட்டிக்குள் படங்கள் கிடக்கின்றன. தோட்டத்து லயத்தின் முன் நிற்கும் குடும்பம், பள்ளி ஆண்டு விழாவில் வரிசையாய் நிற்கும் சிறுமியர், தைப்பூசத்துக்குப் போன வழியில் எடுத்த கூட்டம், புது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இளைஞன் ஆகியோரை அப்படங்களில் காண்கிறோம். படத்தின் பின்புறமோ வெற்றுத் தாள். ‘இது யார்?’ என்று பேரன் கேட்டால், சொல்லத் தெரிந்தவர் சென்ற ஆண்டே மறைந்துவிட்டிருப்பார். பல வீடுகளில் ஆடவர் பெயர் தெரியும். அருகில் நிற்கும் பெண், ‘அவருடைய சம்சாரம்’ என்ற அளவில் நின்றுவிடுவாள்.

இன்று படம் எடுத்தல் மிக எளிது. கையளவு கருவியில் ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறோம். ஒன்றுக்கும் குறிப்பு எழுதுவதில்லை. 50 இராத்தல் சுமந்து, பனியில் பம்படியில் நின்று தகடு அலசிய ஒரு பெண், அதன் பின்னரும் உறையெடுத்து மணியும் நாளும் எழுதினாள். நமக்கு ஒரு பென்சிலும் பத்து நிமிடமும் போதும். வீட்டில் முதியோர் இருக்கும்போதே அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, படத்தைக் காட்டி, பெயரையும் ஊரையும் ஆண்டையும் கேட்டுப் பின்புறத்தில் எழுதுங்கள். பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். இதுகாறும் விடுபட்டது அதுவே.